கப்பலை யார் தட்டிக் கேட்பது?

2021 மே மாதம் அரபிக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது. பெயர் எக்ஸ்-பிரஸ் பேர்ல். கட்டி ஒப்படைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பறந்தது சிங்கப்பூர்க் கொடி. மேலே ஏற்றியிருந்த 1,486 கன்டெய்னர்களில் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிவதை மாலுமிகள் கண்டார்கள். கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் அந்தப் பெட்டியை இறக்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்தது. குஜராத்தின் ஹசிராவிலும் அதே பதில். கசியும் பெட்டியோடு கப்பல் கொழும்புக்கு வந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. மே 20ஆம் தேதி தீப்பிடித்தது. நாள்கணக்கில் எரிந்து, ஜூன் 2ஆம் தேதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லும் முயற்சியின்போதே பின்பகுதி கடலடியில் தட்டி அமர்ந்தது. அதில் இருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இலங்கையின் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியது. மீன்பிடி தடைசெய்யப்பட்டது. ஆமைகளும் டால்பின்களும் செத்துக் கரைசேர்ந்தன.

புதுக் கப்பல். சான்றிதழ்கள் எல்லாம் கையில். அபாயகரமான சரக்கை எப்படிக் கட்ட வேண்டும், எங்கே அடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு தடித்த சர்வதேச விதிநூலே இருக்கிறது; அது கட்டாயமும்கூட. இத்தனைக்குப் பிறகும் நீர்கொழும்பு மீனவர் தொழிலை இழந்தார். அப்படியானால் கடலில் சட்டம் என்ற ஒன்று உண்மையில் எப்படி வேலை செய்கிறது? யார் எழுதுகிறார்கள், யார் அமல்படுத்துகிறார்கள், தவறு நடந்தால் யார் பணம் கட்டுகிறார்கள்? கரையோரத்தில் வாழும் எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எழுதும் இடம் லண்டன். தேம்ஸ் நதிக் கரையில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தலைமையகம் இருக்கிறது. ஐ.நா.வின் அங்கமான இதை ஐ.எம்.ஓ. என்பார்கள். இதற்கான ஒப்பந்தம் 1948இல் ஜெனீவாவில் கையெழுத்தானது. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 1958இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். இந்த அமைப்பிடம் ரோந்துக் கப்பல் கிடையாது, காவலர் கிடையாது, நீதிமன்றமும் கிடையாது. நாடுகள் கூடிப் பேசி விதியை எழுதும் மன்றம் அது. எழுதிய விதியைத் தன் சட்டமாக்கி அமல்படுத்துவது அந்தந்த நாட்டின் வேலை.

அந்த விதிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு அது டைட்டானிக். 1912 ஏப்ரலில் அது மூழ்கியபோது ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்கு. நிறுவனம் சட்டத்தை மீறிவிட்டது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். மீறவில்லை. அன்றைய பிரிட்டிஷ் விதி 1894இல் எழுதப்பட்டது: 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குப் பதினாறு படகுகள் போதும். டைட்டானிக் 46,000 டன். இருபது படகுகள் வைத்திருந்தது, அதாவது சட்டம் கேட்டதைவிட நான்கு அதிகம். கப்பல்கள் வளர்ந்த வேகத்துக்கு விதி வளரவில்லை. கடல் சட்டத்தின் தீராத நோய் இது, இன்றும் தொடர்கிறது.

1914இல் லண்டனில் கூடிய நாடுகள் ‘கடலில் உயிர்ப் பாதுகாப்பு’ ஒப்பந்தத்தை எழுதின. கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் படகில் இடம், இரவும் பகலும் வானொலிக் கண்காணிப்பு, வட அட்லான்டிக்கில் பனிப்பாறை ரோந்து. உலகப் போர் மூண்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1929, 1948, 1960 எனத் திரும்பத் திரும்ப எழுதி, 1974இல் வந்த வடிவமே இன்றும் ஆள்கிறது. சோலாஸ் என்று கப்பல்காரர்கள் சொல்வது இதைத்தான்.

1974ஆம் ஆண்டு வடிவத்தில் ஒரு நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. என் கணிப்பில் கடல் சட்டத்தையே காப்பாற்றியது இதுதான். அதுவரை ஒரு திருத்தம் செல்லுபடியாக வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ‘ஏற்கிறோம்’ என்று எழுதித் தர வேண்டும். எந்த அரசுக்கும் அவசரம் இல்லை. திருத்தங்கள் பல அப்படியே கிடந்து போயின. 1974இல் அதைத் திருப்பிப் போட்டார்கள். குறித்த தேதிக்குள் மூன்றில் ஒரு பங்கு நாடுகளோ, உலகக் கப்பல் கொள்ளளவில் பாதியை வைத்திருக்கும் நாடுகளோ எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் திருத்தம் தானாகவே சட்டமாகும். மௌனம் சம்மதம் என்பதை அப்படியே விதியாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு திருத்தங்கள் நாள் குறித்து நடைமுறைக்கு வரத் தொடங்கின.

சரி, அமல்? இங்கேதான் கொடி வருகிறது. நடுக்கடலில் ஒரு கப்பலின் மேல் அதிகாரம் உள்ளது அதைப் பதிவுசெய்த நாட்டுக்கு மட்டும். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் ஆம்னி பேருந்துகள் வெளிமாநிலப் பதிவெண்ணோடு வருவதைப் பார்த்திருக்கிறோம். கப்பலும் அப்படித்தான். முதலாளி கிரேக்கராக இருப்பார், மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்களாகவும் தூத்துக்குடிக்காரர்களாகவும் இருப்பார்கள், கொடி மட்டும் லைபீரியாவுடையதாக இருக்கும். வரி குறைவு, கெடுபிடி குறைவு, பதிவு எளிது. லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்றின் கொடிகளில் மட்டும் உலகக் கப்பல் கொள்ளளவில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஓடுகிறது. இந்தப் பதிவகங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பெரிய பதிவகங்கள் சில கப்பல்களைக் கறாராகவே சோதிக்கின்றன. ஆனால் பதிவுக் கட்டணத்தில் வருமானம் பார்க்கும் நாடு, தன் வாடிக்கையாளரையே தண்டிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டின் ஓட்டை அங்கே இருக்கிறது.

அந்த ஓட்டையை உலகம் முதன்முதலாகக் கண்கூடாகப் பார்த்தது 1967 மார்ச் 18 அன்று. டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் குவைத் கச்சா எண்ணெய் சுமார் 1,19,000 டன்னோடு இங்கிலாந்தின் தென்மேற்கு முனையை நெருங்கியது. வேல்ஸில் உள்ள மில்ஃபோர்டு ஹேவன் துறைமுகத்தை ஓதநீர் உயர்ந்திருக்கும் நேரத்துக்குள் எட்டியாக வேண்டும் என்ற அவசரம். சில்லித் தீவுகளைச் சுற்றிப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பியது. செவன் ஸ்டோன்ஸ் பாறைத்திட்டில் முழு வேகத்தில் ஏறி நின்றது.

பிரிட்டனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எண்ணெயைக் கரைக்க ஆயிரக்கணக்கான டன் சலவைக் கரைசலைத் தெளித்தார்கள். அது எண்ணெயைவிட அதிகமாகக் கடலுயிர்களைக் கொன்றது. கடைசியில் போர் விமானங்களை அனுப்பிக் கப்பலின் மேல் குண்டு வீசினார்கள். எரிந்தது போக மீதி கார்ன்வால் கரையிலும் பிரெஞ்சுக் கரையிலும் படிந்தது.

யாரிடம் போய் இழப்பீடு கேட்பது? கொடி லைபீரியா. பெயரளவு முதலாளி பெர்முடாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம். அதனிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது கலிஃபோர்னியாவின் யூனியன் ஆயில். அந்தப் பயணத்துக்கு வாடகைக்கு எடுத்தது பிரிட்டிஷ் பெட்ரோலியம். கேப்டனும் மாலுமிகளும் இத்தாலியர்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு, விபத்துக்குப் பிறகு மிஞ்சிய சொத்தின் மதிப்போடு முடிந்துவிடும். மிஞ்சியது ஒரே ஒரு உயிர்காப்புப் படகு. மதிப்பு 50 டாலர்.

பிரிட்டிஷ் அரசின் வழக்கறிஞர்கள் காத்திருந்தார்கள். அதே முதலாளியின் இன்னொரு கப்பல், லேக் பலூர்டே, சிங்கப்பூருக்கு வந்தது. இளம் வழக்கறிஞர் ஒருவர் மேலே ஏறி நீதிமன்ற ஆணையைக் கொடிமரத்தில் ஒட்டிவிட்டார். கப்பல் பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் முதலாளி தரப்பு பேச்சுவார்த்தைக்கு வந்தது. முப்பது லட்சம் பவுண்டு கொடுத்தது, அதை பிரிட்டனும் பிரான்சும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. நடுக்கடலில் எட்டாத சட்டத்தின் கை துறைமுகத்தில் எட்டியது. அதற்குப் பின் நடந்த எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும்.

இதைத் தொடர்ந்து இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. 1969இல் எண்ணெய்க் கப்பல் முதலாளியை நேரடிப் பொறுப்பாளியாக்கும் ஒப்பந்தம் வந்தது. தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, காப்பீடும் கட்டாயம். 1973இல் கப்பல் மாசு தடுப்பு ஒப்பந்தமான மார்போல் எழுதப்பட்டது. அதுவும் உடனே உயிர் பெறவில்லை. 1976, 1977ஆம் ஆண்டுகளில் எண்ணெய்க் கப்பல் விபத்துகள் அடுத்தடுத்து நடந்தபின் 1978இல் திருத்தி, 1983 அக்டோபர் 2ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. எண்ணெய், நச்சுத் திரவங்கள், பொதியாக வரும் அபாயச் சரக்கு, கழிவுநீர், குப்பை, புகை என ஆறு பிரிவுகள். குப்பைப் பிரிவில் ஒரு விதி நெற்றியடி: எந்தப் பிளாஸ்டிக்கையும் எந்தக் கடலிலும் போடக் கூடாது. புகைப் பிரிவில் 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்றாடக் காற்றுக்கு இது பெரிய ஆறுதல்.

எண்ணெய் விதி எப்படி வேலை செய்கிறது என்பதை இயந்திர அறைக்குள் இறங்கிப் பார்த்தால்தான் புரியும். குழாய் இணைப்புகளிலிருந்து சொட்டும் எண்ணெயும் தண்ணீரும் கப்பலின் அடிவயிற்றில் தேங்கும். அதற்குப் பில்ஜ் நீர் என்று பெயர். அதை அப்படியே வெளியேற்றக் கூடாது. பிரிப்பான் ஒன்றின் வழியாக அனுப்பி, எண்ணெயின் அளவு பத்து லட்சத்தில் பதினைந்து பங்குக்குக் கீழே வந்தால் மட்டுமே கடலில் விடலாம். அளவுமானி ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் அலறும், வால்வு தானாகத் திரும்பி நீரைத் தொட்டிக்கே அனுப்பிவிடும். ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு என்று எண்ணெய்ப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பக்கம் நிரம்பினால் கேப்டனின் கையெழுத்து.

ஏமாற்றுவதும் இங்கேதான். பிரிப்பானைச் சுற்றி ஒரு குழாயைப் பொருத்தி நேரே கடலுக்கு விட்டுவிடுவார்கள்; தொழிலில் அதற்கு ‘மேஜிக் பைப்’ என்று பெயர். துறைமுகம் நெருங்கும்போது கழற்றி ஒளித்துவிடுவார்கள். அனுபவமுள்ள ஆய்வாளர் பதிவேட்டோடு நிற்க மாட்டார். குழாய் விளிம்பின் போல்ட்டுகளைப் பார்ப்பார். பெயின்ட் உரிந்திருந்தால் அண்மையில் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். வெளியேற்றுக் குழாயைத் திறந்து உள்ளே விரலால் தடவிப் பார்ப்பார். 2013இல் கரீபியன் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பலில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் இப்படி ஒரு குழாயைக் கண்டு, இங்கிலாந்தில் இறங்கி அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். 2016இல் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அமெரிக்காவில் 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அமெரிக்கச் சட்டத்தில் தகவல் சொன்னவருக்கு அபராதத்தில் பாதிவரை கொடுக்க இடம் உண்டு. மற்ற நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும். இயந்திர அறையில் நடப்பது அங்கே வேலை பார்ப்பவருக்குத்தான் தெரியும். உண்மை சொன்னால் வேலை போகும் என்ற நிலையில் அவரை விட்டுவிட்டுப் பதிவேட்டை நம்பிப் பயனில்லை.

ஆய்வாளர் என்றேன். அவர் துறைமுகத்தில் கப்பலேறிச் சோதிக்கும் முறைக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது. 1978 மார்ச்சில் அமோகோ காடிஸ் என்ற லைபீரியக் கொடி எண்ணெய்க் கப்பல் பிரான்சின் பிரிட்டனி கரையில் உடைந்து, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெயைக் கொட்டியது. கொடி நாட்டை நம்பியிருந்தால் நம் கடற்கரைதான் கறுக்கும் என்று ஐரோப்பிய நாடுகளுக்கு உறைத்தது. 1982இல் பாரிஸில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன: எந்தக் கொடியானாலும் எங்கள் துறைமுகத்துக்கு வந்தால் ஏறிப் பார்ப்போம், குறை இருந்தால் பிடித்துவைப்போம், தகவலை அண்டைத் துறைமுகங்களோடு பகிர்வோம். அதே முறையை மற்றக் கடல்களும் எடுத்துக்கொண்டன. இந்தியப் பெருங்கடல் நாடுகளின் உடன்பாடு 1998இல் கையெழுத்தானது. இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு, செயலகம் கோவாவில்.

ஆய்வாளர் ஏறினால் முதலில் சான்றிதழ்கள். பிறகு நெருப்பணைக்கும் அவசரப் பம்பை ஓட்டிக் காட்டச் சொல்வார். உயிர்காப்புப் படகைக் கீழே இறக்கச் சொல்வார். மின்சாரம் போனால் அவசர ஜெனரேட்டர் எத்தனை நொடியில் எழுகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார். மாலுமி ஒருவரைத் தனியே அழைத்துத் தீ வந்தால் உன் இடம் எது என்று கேட்பார். இந்த ஒப்பந்தத்தில் எங்கள் கொடி நாடு சேரவில்லை என்று கேப்டன் தப்பிக்க முடியாது. சேராத நாட்டுக் கப்பலுக்கும் சலுகை கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நிறுத்திவைத்த ஒவ்வொரு நாளும் முதலாளிக்குப் பெருநஷ்டம். கடல் சட்டத்துக்குப் பல் இருக்கிறதென்றால் அது இந்த இடத்தில்தான்.

ஆனால் துறைமுகம் விழிப்பாக இல்லாவிட்டால் நம் வாசலிலேயே தோற்போம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட பி.டபிள்யூ. மேப்பிளும் உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரமும் மோதின. கசிவு எதுவும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். எர்ணாவூர்ப் பாறைகளில் தார்போலக் கெட்டியான எண்ணெய் அலையோடு வந்து அடுக்கடுக்காகப் படிந்தது. உறிஞ்சும் இயந்திரங்கள் அந்தக் கெட்டிக் குழம்பில் திணறின. மீனவர்களும் மாணவர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளிகளில் அள்ளிக் கைமாற்றினார்கள். எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ள இந்தியாவில் தேசியத் திட்டம் இருக்கிறது, அதற்குக் கடலோரக் காவல் படை பொறுப்பு. முதல் சில மணி நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் மிதவைத் தடுப்பு போட்டுப் பெரும்பகுதியைக் கடலிலேயே மடக்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

இழப்பீட்டு விஷயத்துக்கு வருவோம். சரக்காக ஏற்றிய எண்ணெய் கொட்டினால் முதலாளியின் காப்பீடும், அதற்கு மேல் எண்ணெய் இறக்குமதியாளர்கள் பணம் போட்டு வைத்திருக்கும் சர்வதேச நிதியும் இருக்கின்றன. கப்பல் தன் ஓட்டத்துக்காக வைத்திருக்கும் எரிபொருள் கொட்டினால் வேறு ஒப்பந்தம். அதற்கு அப்படி ஒரு நிதி கிடையாது. அமிலம், ரசாயனம் போன்றவற்றுக்கென 1996இல் எழுதி 2010இல் திருத்திய ஒப்பந்தம் இதை எழுதும்வரை நடைமுறைக்கு வரவில்லை. இதற்கெல்லாம் மேலே, கப்பலின் டன் அளவைப் பொறுத்து முதலாளியின் மொத்தப் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு. எக்ஸ்-பிரஸ் பேர்ல் தரப்பு லண்டன் நீதிமன்றத்தில் அதைச் சுமார் 1.9 கோடி பவுண்டாக வரையறுத்துக்கொண்டது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கட்ட மாட்டோம் என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. உச்சவரம்பு இல்லாவிட்டால் காப்பீடு கிடைக்காது, வாணிபம் நடக்காது என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் வரம்பைக் கணக்கிடுவது கப்பலின் அளவை வைத்து. கரையில் கெட்டுப்போன கடலின் அளவை வைத்தல்ல. இது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அதே கதை நம் பக்கத்திலும் நடந்தது. 2025 மே 25 அன்று லைபீரியக் கொடி பறந்த எம்.எஸ்.சி. எல்சா 3, 640 கன்டெய்னர்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் உயிர் பிழைத்தார்கள். பிளாஸ்டிக் குருணை கேரளக் கரைகளில் ஒதுங்கியது, கன்னியாகுமரி மாவட்டக் கரைகளுக்கும் வந்தது. பயறு அளவு வெள்ளை மணிகள். மணலோடு கலந்துவிட்டால் சல்லடையில் சலித்துத்தான் பிரிக்க வேண்டும். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. விழிஞ்ஞத்தில் நின்ற அதே குழுமத்தின் எம்.எஸ்.சி. அகிடெட்டா 2 கப்பலை நிபந்தனையோடு சிறைபிடிக்கக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிங்கப்பூரில் லேக் பலூர்டேவுக்கு நடந்தது போலவே.

இந்தக் குருணைக்கு அபாயச் சரக்கு என்ற முத்திரை இன்னும் இல்லை. தரமான பொதியில் கட்ட வேண்டும், மேல்தளத்தில் வைக்காமல் உள்ளே அடுக்க வேண்டும் என்று ஐ.எம்.ஓ. 2024இல் சொன்னதெல்லாம் பரிந்துரை மட்டுமே. கட்டாய விதியாக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இந்தப் பேச்சில் இந்தியாவும் இலங்கையும் ஒரே குரலில் உரக்கப் பேச வேண்டும்.

கரையில் இருப்பவர் செய்யக்கூடியவை சில உண்டு. கன்டெய்னர் ஒதுங்கினால் தொடாதீர்கள். எல்சா 3 விபத்தின்போது 200 மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார்கள். இந்தியக் கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண் 1554. இன்னொன்று, கப்பலின் பெயரைவிட அதன் ஐ.எம்.ஓ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு இலக்கம், பெரும்பாலும் பின்புறத்தில் பெயருக்கும் பதிவுத் துறைமுகத்துக்கும் கீழே எழுதியிருக்கும். பெயர் மாறும், முதலாளி மாறுவார், கொடி மாறும். கட்டியது முதல் உடைப்பதுவரை அந்த எண் மட்டும் மாறாது. எக்குவாசிஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிவுசெய்துகொண்டு அந்த எண்ணைக் கொடுத்தால், கப்பலின் வயது, முதலாளி, இதற்குமுன் எந்தெந்தத் துறைமுகத்தில் என்ன குறைக்காகப் பிடித்துவைத்தார்கள் என்ற விவரம் வரும். மீனவர் சங்கமோ உள்ளூர்ச் செய்தியாளரோ துறைமுக அதிகாரியிடம் கேள்வி கேட்கப் போகும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம்.